மேசையையும் கொண்டு போ

என் மகனே,

கோவிலில் கலியாண அறிவித்தலில் உன் பெயரையும் ஜெனிற்றாவின் பெயரையும் முதல் தடவையாக வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வாசலில் நின்றவர்கள் எல்லாரும் உன் கையைப் பிடித்துக் குலுக்கி, பகிடி பண்ணி, ஒருவழியாக வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நீ அதைச் சொன்னாய். விளைமீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, சந்திக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரிச் சொன்னாய். கலியாணம் முடிந்து வங்காலையில் பெண் வீட்டுக்குப் போனாலும் உன் கணினியும் மேசையும் இங்கே தாழ்வுபாட்டில் நம் வீட்டிலேயே இருக்கட்டும், காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து வேலை செய்துவிட்டுப் பொழுதுபடத் திரும்பிப் போகிறேன் என்றாய். காரணமும் தயாராக வைத்திருந்தாய். கணினியை நீ ஒழுங்குபண்ணி வைத்திருக்கிற அந்தச் செற்றப் இந்த அறையில்தான் ஒழுங்காக ஓடுகிறதாம், பெயர்த்தால் கொழும்புக் கம்பெனி வேலை குழம்புமாம். நான் மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. “ஓம் மகன், அது அப்பிடியே கிடக்கட்டும்” என்று சொல்லி உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன். அப்பா சாப்பாட்டை முடிக்காமலே கை கழுவ எழுந்து போனார். நீ அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அன்றைக்குச் சொன்ன அந்த “ஓம்” என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நேரே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் கண் கலங்கும், கண் கலங்கினால் நீ “சரி விடுங்கோ அம்மா” என்று என்னைத் தேற்றத் தொடங்குவாய், கடைசியில் மேசை இருந்த இடத்திலேயே இருக்கும். உனக்கும் எனக்கும் அது பழகிப்போன விளையாட்டு. கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் அடுத்தவர்களுக்காகக் கடிதம் எழுதிய கை இது. ஒரு தடவை எனக்காக எழுதட்டும். யார் எடுத்து வாசித்தாலும் பரவாயில்லை. பிள்ளை வீட்டிலிருந்து வேலை செய்கிறான் என்று என்னைப் போலப் பெருமைப்படுகிற தாய்மார் இந்தக் கரையில் இப்போது வேறும் இருக்கிறார்கள்.

அந்த மேசை எப்படி அங்கே வந்தது என்பது உனக்கு மறந்திருக்கும். கொரோனாக் காலத்தில் கொழும்பு போர்டிங்கைக் காலி செய்துகொண்டு, ஒரு பையோடும் காய்ச்சல்காரன் மாதிரி மூக்கை மூடிய துணியோடும் வந்து இறங்கினாய். இரண்டு கிழமையில் போய்விடுவேன் என்றாய். கடல்பக்க அறையில் அப்பா வைத்திருந்த படகு எஞ்சின் சாமான்களை ஒரு மூலைக்குத் தள்ளி, சாப்பாட்டு மேசையை உள்ளே இழுத்துப் போட்டாய். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, நீயும் போகவில்லை. நாங்கள் சாப்பிடுவதற்கு வேறு மேசை வாங்கினோம். அந்த மேசை அப்படியே உன்னுடையதாகிவிட்டது.

நான் குசினி வாசலில் மரக்கறி வெட்டிக்கொண்டே உன் வேலையைக் கேட்டுக் கேட்டு ஓரளவு படித்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியாது. கந்தோருக்குக் கணினி வந்தபோது நாங்கள் படித்தது கடிதம் அடிக்கவும் அச்செடுக்கவும் மட்டும்தான். நீ செய்வது அப்படியில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றுமே எழுதவில்லை என்றாய். நான் ஏன் என்று கேட்டேன். “அம்மா, புறோகிராம் எழுதுறது பாதி வேலைதான். அதை எழுதுறதுக்கு இடம் பண்ணுறது மற்றப் பாதி” என்று சொன்னாய். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாய். ஒரு வேலைக்கு ஒரு சாமான் பழைய பதிப்பில் வேண்டும், இன்னொரு வேலைக்கு அதே சாமான் புதுப் பதிப்பில் வேண்டும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது படுத்துவிடும். தகவல்களை வைக்கிற இடம் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே போவதற்குச் சாவி மாதிரி சில கோப்புகள் இருக்க வேண்டும், எழுத்தின் அளவும் நிறமும்கூட கண்ணுக்குப் பழகினதாக இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு சின்ன மாற்றமாக, வந்ததிலிருந்து ஐந்து வருடத்தில் நீ அந்தக் கணினியை உன் கைக்கு ஏற்றபடி ஆக்கிவைத்திருந்தாய். அதில் வேறு யார் கை வைத்தாலும் ஒன்றும் விளங்காது. உன் தங்கச்சி ஒரு நாள் அதில் படம் பார்க்கப் போய், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேறு ஏதோ நடக்கிறது என்று பயந்து ஓடிவந்தாள்.

இப்போது குருத்தோலைக் கதைக்கு வருகிறேன். நீயும் அப்பாவும் எனக்கு மறைத்த கதை அது. இந்த ஊரில் புதுப் படகு கடலில் இறங்குமுன் கோவில் சுவாமி வந்து செபம் சொல்லி மந்திரிப்பார். புது வீட்டுக்கும் அப்படி, நேற்று வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கும் அப்படி. வீட்டுக்குச் சோறு போடுகிற கணினிக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று எனக்கு மனசுக்குள் இருந்தது. சுவாமியைக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய். ஆகவே குருத்து ஞாயிறன்று கோவிலில் தந்த ஓலையில் ஒரு சிலுவை பின்னி, நீ குளிக்கப் போன நேரம் பார்த்து, கணினிப் பெட்டியின் பின்பக்கம் இருந்த ஒரு நல்ல இடைவெளிக்குள் செருகிவிட்டேன். காற்றும் நன்றாக வந்தது. ஓலை வாடாமல் இருக்கும் என்று நினைத்தேன். மழைக்காலம் தொடங்க முன்னர் அது காய்ந்து, ஒடிந்து, உள்ளே இருந்த காற்றாடிக்குள் போய் இறுகிவிட்டது. பெட்டி சூடேறி ஒரு நாள் மத்தியானம் மணம் வந்தது. கரண்ட் கொடுக்கிற பகுதி எரிந்து, கூடவே டிஸ்கையும் கொண்டுபோய்விட்டது. மன்னார் ரவுணில் திருத்துகிறவர் பெட்டியைக் கழற்றி, கருகின ஓலையை எடுத்து உன் கையில் தந்திருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து “உப்புக் காத்து, அம்மா” என்றாய். நானும் உப்புக் காற்றைத் திட்டித் தீர்த்தேன். உண்மையை அப்பாதான் பல மாதம் கழித்து, வேறு எதற்கோ என்னோடு கோபித்துக்கொண்ட நேரத்தில் சொன்னார். நீ சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தாயாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உன் மேல் ஆத்திரமாகவும் இருந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காக நீ பொய் சொல்லத் தயங்க மாட்டாய் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள், இன்னும் கொஞ்சம் கீழே அது தேவைப்படும்.

அந்தக் கிழமை நீ பட்ட பாடு எனக்கு மறக்காது. எழுதின வேலையெல்லாம் கம்பெனியின் சேர்வரில் பத்திரமாகத்தான் இருந்தது. புதுக் கணினியும் வந்துவிட்டது. ஆனால் நீ அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாய். “எழுதினது ஒண்டும் போகேல்லை அம்மா. ஆனா அதை ஓட வைக்கிறதுக்கு நான் என்னென்ன செய்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை” என்றாய். எல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தாய், தேடினால் அங்கே பாதிதான் இருந்தது. அதன் பிறகுதான் ஸ்கிரிப்ட் என்று ஒன்றை எழுதத் தொடங்கினாய். வெறும் கணினி ஒன்றைக் கொடுத்து அதை ஓட விட்டால், அதுவே வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி, இந்த வேலைக்கு இது, அந்த வேலைக்கு அது என்று தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து, உன் நிறங்களையும் பொத்தான்களையும்கூடப் பழையபடி வைத்துத் தந்துவிடும் என்றாய். இனிமேல் எதைப் புதிதாகப் போடுவதென்றாலும் முதலில் ஸ்கிரிப்டில் எழுதிவிட்டுத்தான் போடுவதென்று உனக்கு நீயே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாய். கொஞ்சக் காலத்துக்கு ஒருமுறை அதை ஒரு வெறும் இடத்தில் ஓட விட்டுச் சரிபார்ப்பாய். தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும், அதுதான் உன் குறி. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் எழுந்து வந்து உன் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன்.

அதற்கு முதல் ஜெனிற்றா வந்து போனதைச் சொல்ல வேண்டும். நீ ரவுணுக்குப் போயிருந்த நாள். தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க மன்னாருக்கு வந்தவள், அப்படியே பஸ் ஏறி இங்கே வந்தாள். அவர்கள் வீட்டில் உங்களுக்கென்று கட்டுகிற புது அறையில் வயரிங் நடக்கிறதாம், அது முடிந்ததும் சுவருக்குச் சாந்து பூசிவிடுவார்களாம். “மாமி, அவர் வேலை செய்யிற மேசைக்கு எத்தினை பிளக் பொயின்ற் வேணும்? கேட்டா பிறகு சொல்லுறன் எண்டுறார்” என்றாள். என்னிடம் பதில் வருவதற்குள் உன் அறைக்குள் போய், குனிந்து, மேசைக்குப் பின்னால் ஓடுகிற வயர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். யூபிஎஸ், இரண்டு திரை, இன்ரநெற் பெட்டி, மேசை விளக்கு என்று எல்லாவற்றையும் எண்ணினாள். புழுதியில் முழங்கால் ஊன்றி இருந்தாள்.

நான் அவளிடம் சொன்னேன். நீ இங்கே வந்துதான் வேலை செய்யப் போகிறாய், மேசை இங்கேதான் இருக்கும் என்று. எந்தக் குரலில் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சந்தோசமான குரலில்தான் சொன்னேன். வென்றவள் மாதிரிச் சொன்னேன். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, நல்ல பிள்ளை. “அப்ப ஒரு பொயின்ற் காணும் மாமி. ஃபோன் சார்ஜ் பண்ண” என்றாள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று சொல்லிப் போய்விட்டாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

அவள் போன பிறகு அந்தப் பாதிக் கோப்பையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் மகனே, அந்த ஒற்றைப் பிளக் பொயின்ற் எனக்குத் தெரியும். நான் அதோடு வாழ்ந்தவள்.

நம்முடைய பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். உன் அப்பாவும் அப்படித்தான் பேசாலையிலிருந்து இங்கே வந்தார், ஒரு சூட்கேசோடு. அவருடைய வேலை மேசை வரவில்லை. பேசாலையில் அவருடைய தாய் வீட்டுக் கொட்டிலில் அந்த மேசை இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் எஞ்சினைக் கொண்டுவந்து அதில்தான் போடுவார்கள். நட் முறுக்குகிற எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, எந்தத் தகரப் பேணியில் எந்த நட் கிடக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். கண்ணால் பார்க்கவே மாட்டார். அதைப் பெயர்த்தால் வேலை குழம்பும் என்றார். ஆகவே விடிய சைக்கிளில் போய், பொழுதுபடத் திரும்பி வந்தார். மத்தியானச் சாப்பாடு அங்கே. மழை என்றால் அங்கே. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் பாதை மூடினால் இரவும் அங்கேதான். நான் அவரோடு சண்டை பிடித்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பிடித்தேன். ஆனால் எதற்கென்று சொல்லிப் பிடிப்பது? அவர் குடிக்கவில்லை, வேறு எங்கும் போகவில்லை, தாய் வீட்டுக்குத்தான் போகிறார், அதுவும் உழைக்கப் போகிறார். ஊரில் யாரிடம் சொன்னாலும் என்னைத்தான் பிழை சொல்வார்கள். இந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது உட்காருகிற ஒரு கதிரையும் சட்டை போடுகிற ஒரு கொழுவியும்தான். நீ நடக்கப் பழகினபோது அவர் பேசாலையில் ஒரு கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். உன் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதும் அங்கேதான். பின்னேரம் வந்து, வந்த விருந்தாளி மாதிரி, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்.

அவருடைய தாய் நோயில் விழுந்து, நான் அங்கே போய்ப் பக்கத்தில் இருந்த நாட்களில், அந்த மனுசியும் நானும் முதல் தடவையாக மனம் விட்டுப் பேசினோம். அதுவரை எனக்கு அவரைப் பிடிக்காது. என் புருசனைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கொட்டிலில் அப்பா ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி அந்த மனுசி சொன்னார்: “இவன் ஒவ்வொரு நாளும் வந்தான் பிள்ளை. எனக்காக வந்தானோ, அந்த மேசைக்காக வந்தானோ எண்டு எனக்குத் தெரியேல்லை. கேக்கவும் பயமாக் கிடந்தது.”

அந்த மனுசி செத்த பிறகு வீடு சித்தப்பாவுக்குப் போனது, மேசையும் வீட்டோடு போனது. அப்பா வெறுங்கையோடு இங்கே வந்து, முற்றத்தில் புதுப் பலகை அடித்து, எந்தச் சாவி எங்கே என்று தலைமயிர் நரைத்த வயதில் பழகத் தொடங்கினார். அவரை நீ இந்த வீட்டு மனுசனாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதனால்தான், வேலை செய்கிற இடத்தை எங்கேயும் கொண்டு போகலாம் என்கிற உன் ஸ்கிரிப்ட் விசயத்தைக் கேட்டதும் அவர் எழுந்து வந்து தோளில் தட்டினார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், உன் தட்டில் மீன் வைத்தபோது எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு நான் பெண்சாதியாக யோசிக்கவில்லை, தாயாக யோசித்தேன். காலையில் உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுக்கலாம், மத்தியானம் உனக்குப் பிடித்த மாதிரி சமைக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். ஜெனிற்றா அந்த ஒற்றைப் பொயின்ற்றைச் சொன்ன பிறகும், செற்றப் ஓடாது என்றானே, உண்மையிலேயே முடியாதாக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து உன் தங்கச்சி ஃபோன் எடுத்தாள். பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். போன விடுமுறைக்கு அவள் வந்தபோது நீ அவளுடைய லப்டொப்பை வாங்கி ஸ்கிரிப்டை ஓட விட்டாயாம். தேத்தண்ணி ஆறுமுன் எல்லாம் வந்துவிட்டதாம், நீ அதில் கம்பெனி வேலையும் செய்து பார்த்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தாயாம்.

ஆக, உன் செற்றப் எங்கேயும் ஓடும். நீ சொன்னது பொய். ஏன் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். போன மாரி மழையில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, நீ அறையிலிருந்து ஓடிவந்து தூக்கினாயே, அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால் உன் கதிரை அசைகிற சத்தம் கேட்கும். நீ காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா கரைக்குப் போய்விட்டால் நான் தனியே என்று பயப்படுகிறாய். ஓலைக்குப் பதிலாக உப்புக் காற்று என்றவன், அம்மாவுக்காக வருகிறேன் என்று சொல்லாமல் செற்றப்புக்காக என்கிறாய். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உன்னைப் பெற்றதற்கு எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. அந்த நிறைவோடுதான் சொல்கிறேன், இது கூடாது. கிணற்றடிக்கு அப்பா சொரசொரப்பாகச் சீமெந்து போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையும் மாலையும் எட்டிப் பார்க்கிறாள். என் முழங்காலுக்கு ஒரு காவல்காரன் தேவையில்லை.

இனி நீ போகிற இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். சிரிக்காமல் கேள். வங்காலை அறையில் மேசையைக் கடல் பக்க யன்னலுக்கு நேரே போடாதே, காற்று நல்லாத்தான் இருக்கும், உப்பும் சேர்ந்து வரும். பெட்டியைத் துணியால் மூடாதே, நான் மூடி மூடி எடுத்ததும் பிழைதான் என்று இப்போது விளங்குகிறது. சுவரோடு ஒட்ட வைக்காமல் ஒரு கை போகிற இடைவெளி விடு. ஸ்கிரிப்டின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியிலும் வை, அது உனக்கு என்னைவிடத் தெரியும். ஆனால் பழையதெல்லாம் அப்படியே வர வேண்டும் என்று அடம்பிடிக்காதே. அந்த முதல் கணினி எரிந்து புதிதாகச் செய்தபோது, பாதிச் சாமான் எதற்குப் போட்டதென்றே தெரியவில்லை, இல்லாமலே வேலை ஓடுகிறது என்று நீயே ஆச்சரியப்பட்டாய். வீட்டுப் பழக்கமும் அப்படித்தான். ஜெனிற்றாவின் அம்மா குழம்புக்குப் புளியைக் கூடுதலாகப் போடுவார். எங்கள் வீட்டில் இப்படி இல்லை என்று ஒரு நாளும் வாய் திறக்காதே.

இன்னொன்று. புதுப்பிக்கச் சொல்லி கணினி கேட்கும்போதெல்லாம் நீ “பிறகு” என்பதை அழுத்துவாய். பல மாதம் தள்ளிப்போட்டு, ஒரு நாள் எல்லாம் சேர்ந்து வந்து, ஒன்று மற்றதை உடைத்து, இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பாய். அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப் பழகினாய். ஜெனிற்றா பிளக் பொயின்ற் கேட்டபோதும் நீ அழுத்தியது அதே “பிறகு”தான். அவள் கேட்கிறவற்றைத் தள்ளிப்போடாதே. சின்னதாக இருக்கும்போதே சொல்லு, கோபமென்றாலும் சொல்லு. உன் வேலையில் இரண்டு பெட்டியைப் பிரித்து வைத்து ஒன்றின் குழப்பம் மற்றதுக்குள் போகாமல் பார்க்கிறாய் அல்லவா, தாயையும் பெண்சாதியையும் அப்படி வைத்துக்கொள். இங்கே நான் புறுபுறுப்பதை அங்கே கொண்டுபோகாதே, அங்கே நடப்பதை இங்கே கொட்டாதே. ஆனால் உனக்குள் இருப்பதை மட்டும் பூட்டி வைக்காதே. எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று நம்பினவன் பட்டதை ஒரு தடவை பார்த்தோமே. மாத முடிவில் வேலை நெருக்கும்போது உன் முகம் கறுக்கும். அது கம்பெனி வேலையால் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டால் அவள் தன்னால் என்று நினைப்பாள்.

நேற்று நான் ஜெனிற்றாவுக்கு ஃபோன் எடுத்தேன். மேசை வருகிறது, அவள் எண்ணின வயருக்கெல்லாம் பொயின்ற் போடச் சொல்ல வேண்டும், மேலதிகமாக இரண்டும் வைக்கச் சொல்ல வேண்டும் என்றேன். சாந்து பூசி முடிந்துவிட்டது மாமி என்றாள். ஐயோ என்றேன். அதற்கு அவள், பரவாயில்லை, உடைக்கச் சொல்லுகிறேன் என்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன், கேட்டால் சிரிக்கிறாள்.

இன்று காலையில் அப்பா தன் உளியையும் சுத்தியலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி வங்காலைக்குப் போயிருக்கிறார், சுவரை உடைக்க. வயரிங் ஆள் வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம். அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சம்பந்தி வீட்டில் போய்ச் சுவர் உடைப்பது அழகில்லை என்று நான் தடுத்தேன். சைக்கிளைப் பிடித்தபடி நின்று சொன்னார்: “என்ர மேசை இந்த வீட்டுக்கு வரவே இல்லை. அவன்ர மேசை அவனுக்கு முதல் போகட்டும்.” அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. இத்தனை காலமும் நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தேன்.

ஆகவே அடுத்த அறிவித்தல் வாசிக்குமுன் மேசையைக் கொண்டு போ. கணினி, திரை, யூபிஎஸ், அந்தக் கால் ஆடுகிற கதிரை, எல்லாவற்றையும் கொண்டு போ. மேசையின் பின்பக்கம் ஒரு குருத்தோலைச் சிலுவை ஆணியில் தொங்கும். இந்தத் தடவை பெட்டிக்கு வெகு தூரத்தில்தான் வைத்திருக்கிறேன், பயப்படாதே. மேசை போன அன்றைக்கு நான் அந்த அறையில் உட்கார்ந்து நன்றாக அழுவேன். அதை நீ பெரிதாக எடுக்காதே, என் பாட்டுக்கு அழுதுவிட்டு எழுந்து சமைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு வா. நினைத்தால் இடையிலும் வா. லப்டொப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மட்டும் வராதே. இங்கே உனக்கு இனி மேசை இல்லை, வேலை இல்லை, திருத்துவதற்கு ஒரு சாமானும் இல்லை. வாசலில் உன் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், நீ எதற்காக வந்தாய் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையிராது.

உன் அம்மா